நாற்பத்தொரு விநாடி

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் வேகம். கழுத்தில் தொங்கும் அட்டையில் வேறு பெயர் இருந்தது. அதை யாரும் படித்ததில்லை. இணையப் பக்கங்கள் சட்டென்று திறக்க வழி பார்ப்பதற்காக அவனை வேலைக்கு எடுத்தார்கள். அன்றிலிருந்து கூட்டத்துக்குக் கூட்டம் "வேகம் எங்கப்பா, இன்னும் வரலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவன் நடை மெதுவானது. கடந்த எட்டு மாதமாக இன்னும் மெதுவாகிவிட்டது.

எட்டு மாதத்துக்கு முன்பு அவன் மனைவி இறந்துபோனாள். அலுவலகம் பத்து நாள் விடுப்பும் ஒரு மலர்வளையமும் தந்தது. திரும்பி வந்த நாளில் எல்லோரும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டார்கள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவனைப் பார்க்கிற முகம். அது மறைய இரண்டு மாதம் ஆயிற்று. மறுபடி அது வந்துவிடக் கூடாதே என்று, மனைவி என்ற சொல்லையே அவன் அலுவலகத்துக்குள் கொண்டுவருவதில்லை.

வீட்டில் மிச்சம் இருந்தது மாமனார்தான். விளையாட்டு மைதானத்தில் முப்பத்திரண்டு வருடம் நேரம் குறித்தவர். கோட்டைத் தாண்டும் முதல் மார்பைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அமுக்குவது அவர் வேலை. ஓடுகிறவன் முகத்தைப் பார்த்ததே இல்லை. "மூஞ்சியப் பாத்தா பாசம் வந்துடும் மாப்ளே. கட்டைவிரல் நடுங்கும்" என்பார். இப்போது முகம், மார்பு எதுவும் தெரியவில்லை. இரண்டு கண்ணிலும் புரை. இடதில் பால் ஊற்றிய மாதிரி வெள்ளை. வலதில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சம். ஸ்டாப்வாட்சை மட்டும் கழுத்தை விட்டுக் கழற்றவில்லை.

"வலது கண்ணை இந்த மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணிடுங்க. தள்ளிப்போட்டா உள்ளே அழுத்தம் ஏறிடும். அப்புறம் நான் கைகழுவுறதைத் தவிர வேற வழியில்ல" என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஊரில் கண்ணுக்கென்று இருப்பது ஒரே ஆஸ்பத்திரி. அறுவைக்கான இடங்களை ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை பத்து மணிக்கு இணையத்தில் திறந்து விடுவார்கள். நாற்பது இடம். அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். அந்த இணையப் பக்கத்தைச் செய்து கொடுத்தது அவனுடைய அலுவலகம்.

அது போதாதென்று இன்னொரு சிக்கல். மாமனாரை ஆஸ்பத்திரியில் பதிவு செய்தது அவன் மனைவி, தன் போனில். பதிவு செய்த போனிலிருந்துதான் இடம் பிடிக்க முடியும். போனை மாற்ற வேண்டும் என்று அவன் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் போய் நின்றான்.

"பதிவு பண்ணவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்" என்றாள் கவுன்ட்டர் பெண்.

"அவங்க இறந்துட்டாங்க."

அவள் திரையைப் பார்த்தாள். விசையைத் தட்டினாள். மறுபடி திரையைப் பார்த்தாள். "அதுக்கு இதுல பட்டன் இல்லீங்க" என்றாள். உண்மையில் வருத்தப்பட்டாள் என்றுதான் தோன்றியது. "நீங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த போனையே பத்திரமா வெச்சுக்கோங்க."

பத்திரமாகத்தான் இருந்தது. ஆறு வருடப் பழைய போன். ஒரு மூலையில் விரிசல். மாலை நான்கு மணி ஆனால் கூவும். 'அப்பா – கண் சொட்டு' என்று அவள் வைத்த அலாரம். அவன் அதை நிறுத்தவில்லை. நிறுத்தாததற்குக் காரணம் எதுவும் அவன் யோசிக்கவில்லை.

மாதத்தின் முதல் திங்களன்று அலுவலகத்துக்குத் தாமதமாக வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பத்து மணிக்கு மாமனாரின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பக்கத்தைத் திறந்தான். திரையில் ஒரு சின்னக் கண் வந்து இமைத்தது. கொஞ்ச நேரத்தில் பெரிய கண் வந்து இமைத்தது.

"திறந்துடுச்சா?"

"இமைக்குது மாமா."

"எது?"

"கண்ணு. பக்கம் வர்ற வரைக்கும் அது இமைச்சிட்டு இருக்கும்."

"கண்ணு தெரியாதவன் வர்ற இடத்துல கண்ணு படமா? எந்த மகராசன் யோசனை அது?"

எந்த மகராசன் என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு கூட்டத்தில் பிறந்தது. பக்கம் மெதுவாக வருகிறது என்று புகார் வந்தபோது, காத்திருக்கும் நேரம் அழகாக இருந்தால் காத்திருப்பதே தெரியாது என்றார் மேனேஜர். அதற்காக அந்தப் பெரிய கண் செய்யப்பட்டது. அது இறங்கவே ஆறு விநாடி ஆனது. ஆகவே, பெரிய கண் வரும்வரை இமைக்க ஒரு சின்னக் கண் செய்தார்கள். அதன் பின்னால் ஆஸ்பத்திரியை வானத்திலிருந்து சுற்றிக் காட்டும் சினிமா. "நான் உங்களுக்கு உதவட்டுமா?" என்று கையசைக்கும் பொம்மை. வந்தவர் எங்கே தொட்டார், எவ்வளவு நேரம் தொட்டார் என்று வேவு பார்க்க இருபத்தேழு துண்டு நிரல். எல்லாவற்றுக்கும் மேலே, நாகரிகமாக இருக்கட்டும் என்று, வெள்ளைத் தாளில் வெளிர் சாம்பல் நிற எழுத்து.

மாமனாரின் கட்டைவிரல் ஸ்டாப்வாட்ச் மேல் இருந்தது. "இப்ப?"

"வந்துடுச்சு."

கிளிக். அவர் வாட்சை நீட்டினார். அவன் படித்தான். நாற்பத்தொரு விநாடி.

"இடம்?"

"தீர்ந்துடுச்சு மாமா."

"நாப்பத்தொரு செகண்ட்ல நொண்டியடிச்சே இருநூறு மீட்டர் போயிடலாம். நான் நடந்து போய் அந்த டாக்டர் கதவைத் தட்டியிருப்பேன்" என்றார் மாமனார். பிறகு கொஞ்சம் தணிந்து, "மாப்ளே, நீங்க அங்க என்ன வேலை பாக்கறதா சொன்னீங்க?" என்று கேட்டார்.

அவன் போனை மூடிவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான்.

அன்று மதியமே அறிக்கை எழுதி அனுப்பினான். சினிமாவை எடுக்கலாம், பொம்மையை எடுக்கலாம், கண்களை மூடிவிடலாம், வேவு நிரலில் இரண்டு போதும். அலுவலகத்தின் உள் வலையில் அந்த அறிக்கை திறக்கவே பதினாறு விநாடி பிடித்தது. மேனேஜர் பாதியில் மூடிவிட்டார். பக்கத்தின் வேகத்தைக் காட்டும் அவர் பலகையில் எல்லா விளக்கும் பச்சையாக எரிந்தது. அளவு எடுக்கும் கருவி அலுவலகத்துக்குள் இருந்தது. பக்கத்தை அனுப்பும் கணினி அதற்கு அடுத்த அறையில் இருந்தது. சுவரைத் தாண்டி வர எவ்வளவு நேரம் ஆகும்? அரை விநாடி. பச்சை.

எம்.டி.யிடம் போனான். அவர் சட்டைப் பையிலிருந்து தன் புதுப் போனை எடுத்துத் தொட்டுக் காட்டினார். பட்டென்று திறந்தது. சினிமா ஓடியது. பொம்மை கையசைத்தது.

"பாருங்க. கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள வந்துடுச்சு. உங்க பிரச்சினை உங்க நெட்வொர்க்."

அவர் போனில் என்றைக்கோ இறங்கிய பழைய பிரதி உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு முறையும் அதுதான் எழுந்து வந்து கும்பிடு போட்டது. அவன் அதைச் சொன்னான். எம்.டி. சிரித்துக்கொண்டே அவன் தோளைத் தட்டினார். அவர் தலைக்கு மேலே, கூட்ட அறையின் சுவரில், சட்டம் போட்ட வாசகம் ஒன்று மாட்டியிருந்தது: 'மூன்று விநாடிக்கு மேல் யாரும் காத்திருக்க மாட்டார்கள்.' அது அவரே சொன்னது. கீழே கையெழுத்தும் இருந்தது.

இரண்டாம் திங்கள் போயிற்று. மூன்றாம் திங்களும் போயிற்று. மாதத்தில் ஒரு திங்கள்தான் பாக்கி. அந்த வாரம் மாமனார் தண்ணீர் டம்ளர் என்று நினைத்து மேஜை விளக்கைப் பிடித்துத் தூக்கினார். தூக்கிவிட்டு, "இது கொஞ்சம் கனமா இருக்கே" என்றார். அவன் வாங்கி வைத்தான். டம்ளரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

மறுநாள் காலை அவன் அவர் கழுத்திலிருந்த ஸ்டாப்வாட்சைக் கேட்டான்.

"எதுக்கு?"

"ஆபீஸ்ல காட்டணும்."

அவர் கழற்றிக் கொடுத்தார். "அமுக்கும்போது மூச்சை அடக்கணும். யார் மூஞ்சியையும் பாக்காதீங்க."

வாராந்திரக் கூட்டத்தில் அவன் மனைவியின் போனை மேஜை நடுவில் வைத்தான். பக்கத்தைத் தொட்டான். ஸ்டாப்வாட்சை அமுக்கினான். சின்னக் கண் இமைத்தது. மேஜையைச் சுற்றிப் பதினோரு பேர் அதைப் பார்த்தார்கள். மூன்றாவது விநாடியில் எம்.டி. தன் போனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார். ஒன்பதில் பெரிய கண் வந்தது. இருபதில் யாரோ இருமினார்கள். முப்பதில் மேனேஜர், "தொங்கிடுச்சோ?" என்றார். நாற்பத்தொன்றில் பக்கம் வந்தது. கிளிக்.

எம்.டி. நிமிர்ந்தார். தாம் கட்டிய வீட்டின் வாசலில் தாமே நின்று கதவைத் தட்டியவர்போல் இருந்தது அவர் முகம்.

"இந்த போன் எங்க கிடைச்சுது?"

"வீட்ல இருந்துச்சு."

"அருமை! இதுதான்யா நம்ம உண்மையான வாடிக்கையாளர். நாம எல்லாரும் புதுப் போனை வெச்சுக்கிட்டு நம்மளையே ஏமாத்திக்கிட்டு இருந்திருக்கோம்." அவர் எழுந்து நின்றுவிட்டார். "இனிமே எல்லா அளவும் இந்த போன்லதான். இது பேரு உண்மை போன். மேனேஜர், இதைப் பத்திரப்படுத்துங்க."

அவன் கை மேஜையை நோக்கி நீண்டது. அதற்குள் மேனேஜர் போனை எடுத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றிவிட்டார்.

அன்று மாலைக்குள் கண்ணாடி அலமாரி ஒன்று வந்தது. பூட்டு வந்தது. எடுப்பவர், வைப்பவர், நேரம், கையெழுத்து என்று நான்கு கட்டம் போட்ட பதிவேடு வந்தது. பூட்டுக்குச் சாவி மேனேஜரிடம். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாக்கலாமா என்று மேனேஜர் யோசித்தார். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் அக்கா குறுக்கிட்டாள்.

அக்கா என்பவள் அங்கே மூத்த நிரலாளர். எம்.டி.யைத் தவிர எல்லோருக்கும் அக்கா. எம்.டி.க்குக் கோபம் வந்தால் அவருக்கும் அக்கா.

"அழிச்சிட்டா அப்புறம் அது எப்படி சார் உண்மை போன் ஆகும்? உண்மையான போன்னா உள்ள நாலு குப்பை இருக்கத்தான் செய்யும்" என்றாள்.

மேனேஜருக்கு அந்தத் தர்க்கம் பிடித்துப்போயிற்று. பதிவேட்டின் முதல் பக்கத்தில் 'குப்பையோடு பேணவும்' என்று எழுதினார்.

நான்கு மணிக்கு அலமாரி கூவியது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மறுநாளும் கூவியது. மூன்றாம் நாள் வேலை விவரக் கோப்பில் ஒரு வரி சேர்ந்திருந்தது: 'மாலை நான்கு மணிக்கு எழும் ஒலி சோதனைக் கருவியின் இயல்பு. பயப்பட வேண்டாம்.'

அவன் மேனேஜரிடம் போனான். "சார், திங்கக்கிழமை காலையில மட்டும் அந்த போன் எனக்கு வேணும். ஒரு பதினஞ்சு நிமிஷம்."

"திங்கக்கிழமையா? அய்யோ, திங்கக்கிழமை பத்து மணிக்குத்தானே அளவெடுக்கிற கூட்டம். கூட்டம் அலைமோதுற நேரத்துல அளந்தாத்தான் உண்மை தெரியும்னு எம்.டி. சொல்லியிருக்கார். நீங்கதான் நேரம் குறிக்கணும். பத்தேகாலுக்கு எடுத்துக்கங்களேன்."

பத்தேகாலுக்கு அங்கே ஒரு இடமும் இருக்காது. அவன் சொல்லியிருக்கலாம். இது என் மனைவியின் போன் என்று ஒரு வாக்கியம் போதும். அலமாரியைத் திறந்து கையில் கொடுத்துவிடுவார்கள். கொடுக்கும்போது அந்த முகத்தை வைத்துக்கொள்வார்கள். பதினோரு பேரும்.  

"சரி சார்" என்றான்.

வீட்டில் மாமனார் கேட்டார். "போன் எங்க மாப்ளே? நாலு மணிக்கு சத்தத்தைக் காணோமே."

"ஆபீஸ்ல இருக்கு."

"திங்கக்கிழமை?"

"இருக்கும்."

"இருக்கும்னா, உங்க கையில இருக்குமா, சும்மா இருக்குமா?"

அவன் சொட்டு மருந்தை எடுத்து அவர் தலையைச் சாய்த்தான். கண்ணில் மருந்து விழும்போது கேள்வி கேட்க முடியாது. 

வெள்ளிக்கிழமை அக்கா அவன் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "வேகம், ஒரு சங்கதி. திட்டாதீங்க. திங்கக்கிழமை ரெண்டு செகண்டுக்குள்ள வந்துடும்."

"எப்படி?"

"அந்த மாடல் போன்னா மட்டும் சினிமா வேண்டாம், பொம்மை வேண்டாம், கண்ணு வேண்டாம், வேவு வேண்டாம்னு ஒரே ஒரு வரி. மேனேஜர் போடச் சொன்னார். போட்டுட்டேன்."

"மத்த போனுக்கு?"

"மத்த போன் எதுவும் கண்ணாடி அலமாரியில இல்லையே."

அவன் அவளைப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. "எனக்கும் வெக்கமாத்தான் இருக்கு. எல்லாருக்கும் எடுத்துடலாம்னு சொன்னேன். சினிமா எம்.டி. எடுத்தது, பொம்மைக்குக் குரல் கொடுத்தது அவர் தங்கச்சி, அதுல கை வெக்க முடியாதுன்னுட்டார். நேரம் வேற இல்ல. முதல் பக்கத்துக்கும் இடம் பிடிக்கிற பக்கத்துக்கும் மட்டும்தான் போட்டிருக்கேன். ரத்து பண்ற பக்கம் அது இதெல்லாம் பழையபடியே. கூட்டத்துல அதை யார் திறக்கப் போறான்னார்."

திங்கட்கிழமை. மணி ஒன்பது ஐம்பத்தைந்து. கூட்ட அறையில் கேக் தயாராக இருந்தது. அதன் மேல் கிரீமில் 2 என்று எழுதியிருந்தது. அளவு எடுப்பதற்கு முன்பே அளவு வந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டான். மேனேஜர் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டு அலமாரியைத் திறந்து, போனைத் துணியோடு எம்.டி.யின் கையில் கொடுத்தார். போனின் திரையைச் சுவரில் பெரிதாக விழவைத்தார்கள். விரிசலும் ஆளுயரத்துக்கு விழுமோ என்று அவன் பார்த்தான். விழவில்லை.

பத்து. எம்.டி. தொட்டார். அவன் அமுக்கினான். மூச்சை அடக்கிக்கொண்டான். எந்தக் கண்ணும் இமைக்கவில்லை. பக்கம் வந்து நின்றது.

"ரெண்டு புள்ளி ஒண்ணு" என்றான்.

கைதட்டல். எம்.டி.க்கு உற்சாகம் தாங்கவில்லை. "இருங்க, இருங்க. திறந்தா மட்டும் போதுமா? இடம் பிடிச்சே காட்டுறேன்." முதல் கட்டத்தைத் தொட்டார். அடுத்த பொத்தானைத் தொட்டார். சுவரில் வாசகம் விழுந்தது. 'உங்கள் இடம் உறுதி. புதன் காலை ஒன்பது மணி. வரிசை எண் ஒன்று.' அதன் கீழே நோயாளியின் பெயரும் வயதும் இருந்தன. வெள்ளையில் வெளிர் சாம்பல். சுவர் நீளத்துக்கு இருந்தும் ஒருவராலும் படிக்க முடியவில்லை. அவன் மட்டும் படித்தான். படிக்கவே வேண்டியதில்லை, அவனுக்குத் தெரியும்.

மூன்று வாரம் அவன் பிடிக்க முடியாத இடத்தை எம்.டி. விளையாட்டாகப் பிடித்துவிட்டார். அவன் ஸ்டாப்வாட்சை உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டான். இனி யாரும் எதையும் தொடாமல் இருந்தால் போதும்.

"சார்" என்றார் மேனேஜர். அவருக்கு மனசாட்சி உண்டு. வருடத்துக்கு ஒருமுறை விழிக்கும். அன்றைக்கு விழித்தது. "சார், அது நிஜமான இடம். நாம சும்மா புடிச்சு வெச்சிருந்தா பாவம், ஒரு பேஷன்ட்டுக்குப் போக வேண்டியது. ரத்து பண்ணிடுங்க."

"ஆமாமா, அதுவும் சரிதான்" என்று எம்.டி. ரத்துப் பொத்தானைத் தொட்டுவிட்டார்.

அவன் கட்டைவிரல் தானாக அமுங்கியது. ஸ்டாப்வாட்ச் ஓட ஆரம்பித்தது.

வாயைத் திறந்தான். வேண்டாம் என்றால் ஏன் என்பார்கள். ஏன் என்றால் யாருடைய கண் என்பார்கள். யாருடைய போன் என்பார்கள். திறந்த வாயை மூடிக்கொண்டான். சுவரில் ஆளுயரச் சின்னக் கண் வந்து இமைத்தது.

ஒன்று. எம்.டி. புன்னகையோடு காத்திருந்தார். இரண்டு. புன்னகை அப்படியே இருந்தது, அதற்குப் பின்னால் ஆள் இல்லை. மூன்று. இடது கை சட்டைப் பைக்குப் போய்த் தன் போனை எடுத்தது. ஏழு. வலது கையில் இருந்ததை மேனேஜரிடம் நீட்டினார். "நீங்க பாத்துக்குங்க." பெரிய கண் வந்தது. மேனேஜர் அதை முறைத்துப் பார்த்தார். அது இமைத்தது. பதினான்கு. யாரோ கேக்கை வெட்டினார்கள். பதினெட்டு. "வேகம், இதை ரத்து பண்ணிட்டு அலமாரியில வெச்சுடுங்க. மறக்காம கையெழுத்து" என்று போனை அவன் முன்னால் வைத்துவிட்டு மேனேஜரும் போனார். எல்லோரும் கேக் தட்டோடு வெளி அறைக்குப் போனார்கள். எம்.டி. கடைசியாகப் போனார். சுவரில் இருந்த தம் வாசகத்தின் கீழேதான் போனார்.

அவன் உட்கார்ந்தான். இருபத்தாறு. அவன் மனைவி காத்திருக்கத் தெரியாதவள். லிஃப்ட் பொத்தானை மூன்று தடவை அமுக்குவாள். பால் பொங்கும்வரை நிற்க மாட்டாள், அவனை நிறுத்திவிட்டுப் போவாள். நீ நில்லு, உனக்குத்தான் அது நல்லா வருது என்பாள். முப்பத்தைந்து. ஆஸ்பத்திரியை வானத்திலிருந்து சுற்றிக் காட்டினார்கள். பொம்மை வந்து, நான் உங்களுக்கு உதவட்டுமா என்று எம்.டி.யின் தங்கை குரலில் கேட்டது. நாற்பத்தொன்று.

'நிச்சயமாக ரத்து செய்யவா? ஆம். வேண்டாம்.'

'வேண்டாம்' என்பதைத் தொட்டான். ஸ்டாப்வாட்சை நிறுத்தினான். அப்போதுதான் அடக்கிய மூச்சை விட்டான்.

"'ஆம்'னு இருக்கறதைத் தொடச் சொன்னாரே" என்று பின்னால் குரல் கேட்டது. கதவருகில் அக்கா நின்றிருந்தாள். கையில் இரண்டு துண்டு கேக்.

அவன் போனைத் துணியில் சுற்ற ஆரம்பித்தான்.  ஒரு தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"யாருக்கு இடம்?"

"மாமனாருக்கு. வலது கண்ணு. இந்த மாசம் கெடு."

"போன்?"

"என் மனைவியோடது."

சொல்லிவிட்டு மேஜையையே பார்த்தான். அந்த முகம் வரப்போகிறது என்று காத்திருந்தான். வரவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அக்கா கேக்கை மென்றுகொண்டிருந்தாள்.

"அப்ப அந்த நாலு மணி சத்தம்?"

"சொட்டு மருந்து போடற நேரம்."

"அட கடவுளே! சோதனைக் கருவியின் இயல்புன்னு நான்தானே எழுதி வெச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவனுக்குச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது. மூக்கு வழியாக வந்து நின்றுவிட்டது. எட்டு மாதத்தில் அவ்வளவு தூரம் வந்தது அதுவே முதல் தடவை.

"வேகம், அந்த வரியில 'அந்த மாடல் போன்னா மட்டும்'ங்கறதை எடுத்துடட்டுமா?"

"எடுத்தா?"

"எல்லாப் போனுக்கும் ரெண்டு செகண்ட்."

"பொம்மை, சினிமா?"

"ஒருத்தருக்கும் வராது."

"எம்.டி. கேப்பாரே."

"அவர் போன்ல இருக்கும். பழைய பிரதிதானே. பொம்மை சாகிற வரைக்கும் கையசைச்சிட்டே இருக்கும்." அவள் எழுந்தாள். "ரத்து பண்ற பக்கத்தை?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அதுக்கு இப்ப என்ன அவசரம்" என்றான்.

மதியத்துக்குள் அந்த நிபந்தனை போய்விட்டது. அலுவலகத்தில் யாரும் கவனிக்கவில்லை. அங்கே யாருக்கும் கண்ணில் கோளாறு இல்லை, ஆஸ்பத்திரிப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை. மேனேஜரின் பலகையில் வழக்கம்போல் பச்சை எரிந்தது. அடுத்த மாதக் கூட்டத்தில் எம்.டி. தன் போனைத் தொட்டு, சினிமா ஓட, பொம்மை கையசைக்க, "இத்தனையும் வெச்சுக்கிட்டே வேகமாக்கியிருக்கோம் பாருங்க. அதுதான் திறமை" என்றார். அவனும் கைதட்டினான்.

ஆனால் அது பிறகு. அந்தத் திங்கட்கிழமை மாலை அவன் பதிவேட்டில் 'எடுப்பவர்' கட்டத்தில் கையெழுத்துப் போட்டான். 'வைப்பவர்' கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு, போனோடு வீட்டுக்குப் போனான். அலமாரியில் துணி மட்டும் இருந்தது. வெள்ளைத் துணி மடிப்புக் கலையாமல் இருந்ததால் பல நாள் அதற்குள் போன் இருப்பதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

மாமனார் வாசல் கதவுச் சத்தம் கேட்டதும் எழுந்து உட்கார்ந்தார். "என்ன மாப்ளே?"

"புதன்கிழமை காலைல ஒன்பது மணி. முதல் ஆள் நீங்கதான்."

"எவ்வளவு நேரத்துல?"

"ரெண்டு புள்ளி ஒண்ணு."

"சும்மா சொல்லாதீங்க. வாட்சைக் குடுங்க."

கொடுத்தான். அவர் அதைத் தடவிப் பார்த்தார். முள் இல்லாத வாட்ச், தடவினால் ஒன்றும் தெரியாது. இருந்தாலும் தடவினார். கழுத்தில் மாட்டிக்கொண்டார். "இதுல என்ன நிக்குது?"

அவன் குனிந்து பார்த்தான். கடைசியாக நிறுத்திய நேரம் அப்படியே நின்றிருந்தது.

"நாப்பத்தொண்ணு."

"அதானே பாத்தேன்" என்றார் மாமனார்.

புதனன்று அறுவை நடந்தது. வியாழன் மதியம் கட்டைப் பிரித்தார்கள். வலது கண்ணால் அவர் முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு தன் நகங்களைப் பார்த்து, இவ்வளவு நீளமா வளர விட்டிருக்கீங்களே என்று கோபித்துக்கொண்டார். பிறகு அவனை நேராகப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். இளைத்துப்போயிட்டீங்க என்று சொல்வார் என்று நினைத்தான். சொல்லவில்லை. கையை நீட்டி, "அந்த போனைக் குடுங்க. அப்படி என்னதான் பக்கம் பண்ணி வெச்சிருக்கீங்கன்னு நானே பாக்கறேன்" என்றார்.

கொடுத்தான். அவர் தொட்டார். இன்னொரு கையில் வாட்சை அமுக்கினார். பக்கம் வந்தது. கிளிக். தலையை ஆட்டினார். போனைக் கிட்டே கொண்டுவந்தார். தூரமாகப் பிடித்தார். மறுபடி கிட்டே கொண்டுவந்தார். முகம் மெல்ல மெல்ல வெளுத்தது.

"மாப்ளே" என்றார் தாழ்ந்த குரலில். "டாக்டரைக் கூப்பிடுங்க. ஆபரேஷன் சரியா வரலை. ஜன்னல் தெரியுது, நகம் தெரியுது, நீங்க தெரியறீங்க. இதுல எழுத்து மட்டும் தெரியலை. எல்லாம் புகை மாதிரி இருக்கு."

அவன் எட்டிப் பார்த்தான்.

"கண்ணு நல்லாத்தான் இருக்கு மாமா. எழுத்தே அப்படித்தான்" என்றான். "அதைத் திங்கக்கிழமை பாத்துக்கறேன்."

போன் கூவியது. மணி நான்கு. அவர் தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். அவன் சொட்டு மருந்தை எடுத்தான்.